வன்னியில் குடிவழித் தேடலைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு

ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை ஒருவர், தன் அப்பப்பா முள்ளியவளையில் எந்த வளவில் பிறந்தார் என்று கேட்டு எழுதுகிறார். வட்டக்கச்சியில் வாழும் குடும்பம் ஒன்று, பாட்டனாரின் பெயரில் இருக்கும் காணி அனுமதிப்பத்திரத்துக்குத் தாமே உரித்தாளர் என்று நிறுவ மூன்று தலைமுறைச் சான்றிதழ்களைத் தேடுகிறது. செட்டிகுளத்தில் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பிள்ளைகள், தமிழ்நாட்டில் தங்கள் பூட்டனின் ஊர் எது என்று அறிய விரும்புகிறார்கள். இத்தகைய கேள்விகளுக்குக் கட்டணம் பெற்று விடை தேடிக் கொடுப்பதே இந்தத் தொழில். இதற்கு அலுவலகமோ பெயர்ப்பலகையோ வேண்டியதில்லை. பொறுமையும், பழைய கையெழுத்தை வாசிக்கும் கண்ணும், முதியவர்கள் நம்பிப் பேசக்கூடிய நடத்தையும் வேண்டும்.

வன்னியில் இதைச் செய்ய முனைபவர் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இங்கே மனிதர் இடம்பெயர்ந்தபோது கடதாசிகளும் இடம்பெயர்ந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தவர்களில் பலர் தென்மராட்சி வழியாக வன்னிக்குள் வந்தார்கள். அடுத்த ஆண்டு கிளிநொச்சி நகரம் வெறுமையானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிச் சென்றது. 2009 மே வரையான போரின் கடைசி மாதங்களில் மக்கள் பத்திரப் பையைத் தோளில் போட்டுக்கொண்டே முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். ஆகவே ‘பதிவேடு இல்லை’ என்ற பதில் இங்கே அடிக்கடி கிடைக்கும். அந்தப் பதிலோடு வீடு திரும்பிவிடுபவருக்கு இந்தத் தொழில் வாய்க்காது. ஒரே பிறப்பை, ஒரே கலியாணத்தை, ஒரே காணிக் கைமாற்றத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் வெவ்வேறு தேவைகளுக்காக வெவ்வேறு இடங்களில் எழுதிவைத்திருக்கின்றன. முதற்பிரதி எரிந்திருந்தால் மறுபிரதி எந்தப் பாதையால் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிந்திருப்பதே எமது கைத்திறன்.

வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குதல்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னர், கேட்டு வந்தவரின் வீட்டிலும் அவருடைய உறவினர் வீடுகளிலும் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழைப் பெயருக்கும் திகதிக்கும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் வழமையான படிவத்தில், தந்தையின் தந்தை இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயருக்கும் பிறந்த ஆண்டுக்கும் இடத்துக்கும் ஒரு கட்டம் உண்டு; தந்தை இலங்கையில் பிறக்காதவராயின் பாட்டனின் தந்தையைப் பற்றிய கட்டமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்பைக் குடியுரிமைக்கு அடிப்படையாக்கியது; அந்தக் கேள்வியின் தடம் இந்தக் கட்டங்களில் இருக்கிறது. ஒழுங்காக நிரப்பப்பட்ட ஒரு சான்றிதழ் ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறையைத் தந்துவிடும். எனினும் பாட்டனின் பிறந்த ஆண்டு, தகவல் கொடுத்தவர் அன்று நினைவிலிருந்து சொன்ன ஆண்டு என்பதை மறக்கக்கூடாது.

பலர் சான்றிதழ்களைக் காப்பதாக எண்ணிப் பிளாஸ்ரிக் உறைக்குள் இறுக்கி ஒட்டிவிட்டார்கள். அதைப் பிரிக்க முயல வேண்டாம். மையும் கடதாசியும் சேர்ந்தே கிழிந்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு யன்னலோரம் வைத்துப் படமெடுத்தால் போதும்.

அடுத்ததாகத் தேட வேண்டியது, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு. நினைவு மலர் என்றும் அதைச் சொல்வார்கள். எம்மவர் தாமே எழுதி அச்சிட்ட குடிவழி நூல் என்றே அதை நான் மதிக்கிறேன். இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், அவர்கள் மணந்த குடும்பங்கள், பிள்ளைகள், மருமக்கள், பேரர் எல்லோரும் ஊர்ப்பெயரோடு அதில் நிற்பார்கள். சிலவற்றில் வம்சாவளி வரைபடமும் இருக்கும். அதன் திதி வெண்பாவைக் கட்டாயம் வாசியுங்கள். ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பது, திதி ஆகியவை அதில் இருப்பதால், இறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தாலும் பஞ்சாங்கத்தின் துணையோடு ஆங்கிலத் திகதியைக் கணிக்கலாம். அறுபது ஆண்டுச் சுற்று மீண்டும் மீண்டும் வருவதால், ‘விரோதி’ என்ற பெயர் 1949–50ஐயும் குறிக்கும், 2009–10ஐயும் குறிக்கும். ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் விரோதி வருடத்துத் தை மாதம் 1950இன் அல்லது 2010இன் தொடக்கத்தில் விழும் என்பதையும் கவனிக்க வேண்டும். நூலகம் நிறுவனம் இத்தகைய மலர்களையும் பாடசாலை மலர்களையும் பழைய பத்திரிகைகளையும் மின்வடிவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டில் அழிந்த கல்வெட்டு அங்கே கிடைப்பது உண்டு. மாமன் வீட்டிலோ மச்சாள் வீட்டிலோ கிடைப்பது அதைவிட அதிகம். பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களும் இதே வகையில் உறவினரை வரிசைப்படுத்தித் தருபவை. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன், யாழ்ப்பாணத்தில் 1959இல் தொடங்கிய ஈழநாடு ஆகியவற்றின் பழைய இதழ்களை அதற்காகப் புரட்டுவது வீண்வேலை ஆகாது.

முதியவர்களிடம் பேசும்போது திகதி கேட்காதீர்கள். 1958 கலவரத்துக்கு முன்னரா, 1964 சூறாவளிக்குப் பின்னரா, யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாடு நடந்த 1974இல் அந்தப் பிள்ளை நடந்து திரிந்ததா என்று கேட்டால் விடை தானாக வரும். ஒருவரை எந்த முறை சொல்லி அழைத்தார்கள் என்று கேட்பது, அவர் யார் என்று நேரே கேட்பதைவிடப் பயன் தரும். மாமா என்றால் பெரும்பாலும் தாய்வழி, பெரியப்பா என்றால் பெரும்பாலும் தந்தைவழி என்று எமது முறைப்பெயர்களே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் மாமி என்பவர் அப்பாவின் சகோதரியாகவும் இருக்கலாம், அம்மாவின் சகோதரன் மனைவியாகவும் இருக்கலாம். மச்சான்–மச்சாள் கலியாணம் நடந்த குடும்பத்தில் இரண்டுமாக ஒரே பெண்ணே இருக்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு முறைப்பெயருக்கும் ‘யார் பக்கத்தால்?’ என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். காலபோக அறுவடை நேரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையைக் கெடுக்காதீர்கள். இழப்பைச் சந்தித்த வீடுகளுக்கு மே மாதத்தில் கேள்விப் பட்டியலோடு போகாதிருப்பது நல்லது.

எந்தக் கச்சேரி (மாவட்டச் செயலகம்), எந்தப் பதிவாளர்

வன்னியின் நிர்வாக எல்லைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் அண்டை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. இன்னும் பின்னே போனால், 1873இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும்வரை நுவரகலாவியும் வடமாகாணத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஆகவே 1950களில் பரந்தனில் நடந்த ஒரு காணி விடயத்தின் கோப்பைக் கிளிநொச்சியில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று எழுதுவது பொறுப்பற்ற வேலை. தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் ஊரின் பெயரையும், அது எந்த எந்த ஆண்டில் எந்த மாவட்டத்துக்கும் பற்று என்ற எந்தப் பழைய உட்பிரிவுக்கும் உட்பட்டிருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களில் மேல்பற்று, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, பனங்காமம் போன்ற பெயர்களே வரும். இன்றைய பிரதேச செயலகப் பிரிவுகளோடு அவற்றைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்துப் பதிவாளர் பிரிவிலேயே பதியப்படுகின்றன. இது சிறிய விடயம் போலத் தோன்றினாலும் வன்னித் தேடல்கள் பல தவறிப்போவது இங்கேதான். முதற்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எமது வழக்கம். கிளிநொச்சிக் குடியேற்றங்களுக்கு வந்த குடும்பங்களில் பெருந்தொகையானவை குடாநாட்டையும் தீவகத்தையும் சேர்ந்தவை. எனவே உருத்திரபுரத்தில் வளர்ந்த ஒருவரின் பிறப்பு வேலணையிலோ காரைநகரிலோ பதியப்பட்டிருக்கலாம். தாயின் ஊரைக் கேட்டறியாமல் விண்ணப்பம் எழுதக்கூடாது. வைத்தியசாலையில் பிறந்தவருக்கு அந்த வைத்தியசாலை அமைந்த பிரிவே பிறந்த இடம்.

பதிவேடுகள் இரட்டைப் பிரதியாக எழுதப்பட்டவை. ஒன்று மாவட்டத்தில், இன்று பிரதேச செயலகத்திலிருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும். மற்றையது பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் மத்திய பதிவறைக்குப் போகும். போரில் பிரதேச செயலகப் பிரதி அழிந்திருந்தால், அதே பதிவை மத்திய பதிவறையில் தேடுமாறு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கம் தெரியாதபோது ஆண்டு வரம்பு கொடுத்துத் தேடுதலுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுத்தில் தரும் பதிலைத் தூக்கி எறியாதீர்கள். உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ காலங்கடந்த பதிவுக்கோ குடும்பம் பின்னர் விண்ணப்பிக்கும்போது அது பயன்படும். ஓர் அலுவலகத்தில் எந்த ஆண்டுப் பதிவேடுகள் எஞ்சியிருக்கின்றன என்பதே தெளிவில்லாதபோது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்கு உரியது என்பதால், வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்காகத் தேடும்போது விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். பதிவறை எழுதுவினைஞரிடம் மரியாதையோடும் சரியான விவரங்களோடும் போங்கள். பழைய ஏடுகளின் ஒழுங்கை அறிந்த ஒருவரின் உதவி எந்தச் சட்டத்தைவிடவும் விரைவாக வேலை செய்யும்.

பெயர்களைப் பற்றிச் சில வார்த்தைகள். எமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னே நிற்கிறது. வெளிநாட்டு மென்பொருள்களில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை இட்டுவிட்டால், அடுத்த தலைமுறையில் வரைபடம் முழுதும் குழம்பிவிடும். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பதால் கந்தையா மகன் வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளை மகன் கந்தையா என்று ஒரே இரண்டு பெயர்கள் நூறு ஆண்டுக்கு ஓடும். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, பதிவுப் பெயர், வீட்டுப் பெயர், பட்டப்பெயர், ஆங்கிலத்தில் கண்ட எல்லா எழுத்துக்கூட்டல்கள் ஆகியவற்றை அந்த இலக்கத்தின் கீழ் எழுதுவதே தப்பும் வழி. பெயரிடாமலே பதியப்பட்டு, பின்னர் பெயர் சேர்க்கப்பட்ட பிறப்புகளும் உண்டு. பெயரால் தேடிக் கிடைக்காதபோது பெற்றோரின் பெயராலும் திகதியாலும் தேடிப் பாருங்கள்.

கலியாணப் பதிவு கிடைக்காததை வைத்துக் கலியாணம் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பழைய காலத்தில் வழக்கப்படி தாலி கட்டிக் கூறைச்சேலை கொடுத்து வாழ்ந்த பலர் பதிவாளரிடம் போனதில்லை. அத்தகைய இணையை நிறுவும் சான்று பெரும்பாலும் காணி உறுதியிலேயே கிடைக்கும்.

காணி உறுதி சொல்லும் குடிவழி

என் கணிப்பில், தமிழ்க் குடும்பமொன்றின் குடிவழிக்குப் பிறப்புச் சான்றிதழைவிட உறுதியான மூலம் காணி உறுதிதான். பிறப்பைப் பதிந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். உறுதி எழுதுவித்தவரோ, தன் உரிமை எங்கிருந்து வந்தது என்று நொத்தாரிசுக்கு முன்னே விளக்க வேண்டியிருந்தது. ஒல்லாந்தரின் திசாவை (மாவட்ட நிர்வாகி) கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் சட்டமாக்கிய தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டம், சொத்தை முதுசம் (மரபுவழி வந்தது), சீதனம் (கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தது), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று வகுக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தின் உறுதியில் ‘எனது தாயாருக்கு அவருடைய பெற்றோர் சீதனமாகக் கொடுத்த’ என்ற வகையில் முன்வரலாறு எழுதப்பட்டிருக்கும். பழைய உறுதியின் இலக்கமும் திகதியும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் கூடவே இருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு முந்திய உறுதிக்கும், அதிலிருந்து அதற்கு முந்தியதற்கும் போகலாம். எல்லைகளை வாசிக்கும்போது அடுத்த வளவுக்காரரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பங்கு பிரித்த சகோதரர்களே பெரும்பாலும் அயலவராக நிற்பார்கள்.

உறுதிக்கும் மறுபிரதி உண்டு. மூலம் சொந்தக்காரரிடம் இருக்கும், ஒரு பிரதியை நொத்தாரிசு தம்மிடம் வைத்திருப்பார், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். சொந்தக்காரரின் பை கடலிலோ நெருப்பிலோ போயிருந்தாலும் மற்ற இரண்டில் ஒன்று தப்பியிருக்க வாய்ப்பு இருக்கிறது. பழைய நொத்தாரிசு இறந்திருந்தால் அவருடைய ஏடுகள் எங்கே ஒப்படைக்கப்பட்டன என்று காணிப் பதிவகத்தில் விசாரியுங்கள்.

குடியேற்றத் திட்டக் காணிகளின் கதை வேறு. இரணைமடுக் குளத்தின் கீழும் மற்றக் குளங்களின் கீழும் கொடுக்கப்பட்ட காணிகளில் பல, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகள். இவற்றின் விவரம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில், காணிப் பேரேட்டிலும் கோப்பிலும் இருக்கும். அனுமதி பெற்றவர் எங்கிருந்து வந்தார், குடும்பத்தில் எத்தனை பேர், யாரைப் பின்னுரித்தாளராக நியமித்தார் என்பன அங்கே கிடைக்கக்கூடும். நியமனம் செய்யப்படாதபோது ஆண்மக்களுக்கு முன்னுரிமை கொடுத்த உரித்து வரிசையே நெடுங்காலம் நடைமுறையில் இருந்ததால், இந்தக் கோப்புகளை மட்டும் வைத்துக் குடிவழி வரைந்தால் மகள்மார் காணாமற்போய்விடுவார்கள். சீதன உறுதியிலோ அவர்களே முன்னிற்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போதுதான் குடும்பம் முழுமையாகத் தெரியும். உரித்துத் தகராறு இருக்கும் இடத்தில் நீங்கள் ஆவணத்தைத் தேடிக் கொடுப்பவரே. இந்தக் காணி யாருக்கு உரியது என்று ஒரு சொல்லும் சொல்லாமல் சட்டத்தரணியிடம் அனுப்பிவிடுங்கள்.

கோயில், தேவாலயம், பாடசாலை

கத்தோலிக்கக் குடும்பமாயின் பங்குத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகள் முதன்மையானவை. அவற்றில் பெயர்கள் இலத்தீனில் இருக்கலாம். வீட்டில் இராயப்பு என்று அழைக்கப்பட்டவர் அங்கே பெத்ருஸ், சூசை என்பவர் யோசேப்புஸ், அருளப்பு என்பவர் யொவான்னெஸ். திருமணம் எந்தப் பங்கில் நடந்தாலும் அதைப் பற்றிய குறிப்பை ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டோரத்தில் எழுதும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ஆகவே முல்லைத்தீவில் திருமண ஏடு அழிந்திருந்தால், மணமகன் குருநகரில் ஞானஸ்நானம் பெற்றவரா, பேசாலையில் பெற்றவரா என்று கேளுங்கள். நெருங்கிய உறவினர் மணந்தபோது திருச்சபையின் விலக்கு (சிறப்பு அனுமதி) பெற வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பு இருவருக்கும் பொதுவான மூதாதையர் எத்தனையாம் தலைமுறை என்பதைக் காட்டும். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் பிரிக்கப்பட்டது என்பதால் அதற்கு முந்திய கடிதங்களை யாழ்ப்பாண ஆயரில்லத்தில் கேட்க வேண்டும்.

சைவக் கோயில்களில் ஆட்களின் பதிவேடு இராது. ஆனால் வற்றாப்பளையிலும் ஒட்டுசுட்டானிலும் ஊர்க் கோயில்களிலும் இன்ன உபயம், இன்ன தொண்டு இன்ன குடும்பத்துக்கு என்ற வரிசை தலைமுறையாக வருகிறது. உபயகாரர் பட்டியல்களையும் வரவுசெலவுக் கொப்பிகளையும் பாருங்கள். தர்மகர்த்தா உரிமை பற்றிய வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றக் கோப்பில் இரு தரப்பும் தத்தம் வம்சாவளியை எழுதிக் கொடுத்திருப்பார்கள். தன் பக்கத்துக்குச் சாதகமாக எழுதப்பட்டவை என்ற எச்சரிக்கையோடு அவற்றைப் பயன்படுத்தலாம்.

பாடசாலைச் சேர்வு இடாப்பில் (மாணவர் சேர்ப்புப் பதிவேட்டில்) பிறந்த திகதி, பாதுகாவலர் பெயர், முன்னர் படித்த பாடசாலை ஆகியவை இருக்கும். இடம்பெயர்ந்த பிள்ளை விடுகைப் பத்திரத்தோடு அடுத்த பாடசாலைக்குப் போனதால், ஓர் இடாப்பு அழிந்தாலும் அடுத்த ஊரின் இடாப்பு அதன் செய்தியைத் தாங்கியிருக்கும். போர்க்காலத்தில் ஒரு குடும்பம் எந்த எந்த ஊரில் இருந்தது என்பதைப் பிள்ளைகளின் பாடசாலை வரிசையைக் கொண்டே பல வேளைகளில் மீட்டெடுக்க முடிகிறது. அதிபரின் அனுமதி எழுத்தில் இல்லாமல் இடாப்பைப் படமெடுக்காதீர்கள்.

முஸ்லிம் குடும்பங்களின் திருமணப் பதிவுகள் தனிச் சட்டத்தின் கீழ் வருபவை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர்களுடைய முதியவர்களையும் கடதாசிகளையும் புத்தளத்திலும் தேட வேண்டும்.

மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள்

1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தவர்கள், வன்னியின் குடிவழி ஆய்வில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை. இது எனக்கு மிகுந்த மனக்குறை. அவர்களுக்குக் காணி உறுதி இராது, கல்வெட்டும் இராது. ஆனால் குடியுரிமைக்காக அரசிடம் கொடுத்த கடதாசிகள் இருக்கின்றன. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த ஒருவர், தன் வதிவையும் குடும்பத்தையும் நிறுவ வேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது உடன்பிறந்தோரே இரு நாட்டுக்குரியவர் ஆனார்கள். ஆகவே ஒரு கிளையின் கடதாசி தமிழ்நாட்டில் இருக்கும். குடும்பம் வைத்திருக்கும் பழைய இந்தியக் கடவுச்சீட்டில் சொந்த ஊரின் பெயரையும் தாலுகாவையும் பாருங்கள். தோட்டத்தின் பெயரையும், அந்த நாளில் தோட்டத் தொழிலாளர் அதை அழைத்த தமிழ்ப் பெயரையும், ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். ஒரே கங்காணியோடு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரையோ அயலூரையோ சேர்ந்தவர்கள் என்பதால், பக்கத்து லயத்துக் குடும்பத்தின் கடவுச்சீட்டுக்கூட வழி காட்டும்.

கொழும்பும் கடலுக்கு அப்பாலும்

தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்து ஆவணங்கள் இருக்கின்றன. வன்னிக்கு மிகப் பயன் தருபவை அரசாங்க அதிபர்களும் உதவி அரசாங்க அதிபர்களும் எழுதிய நாட்குறிப்புகள். குளக்கட்டு உடைந்ததையும், கிராமத்தைப் பார்க்கப் போனதையும், இன்னாரை விதானையாக (ஊர்த் தலைவராக) நியமித்ததையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடையார், விதானை முதலிய பதவிகளில் இருந்த மூதாதையர்களை 1802இல் தொடங்கிய அரச வர்த்தமானியிலும் தேடலாம். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல் ஊர்களையும் குளங்களையும் அறிய இன்றியமையாதது. குடிசன மதிப்பீட்டு அறிக்கைகள் 1871 முதல் இருந்தாலும் அவற்றில் ஆட்பெயர் இராது. ஓர் ஊர் எப்போது தேய்ந்தது, எப்போது வளர்ந்தது என்பதற்கு மட்டும் அவை உதவும்.

ஒல்லாந்தரின் தோம்புகளை (காணி, குடிப் பதிவேடுகளை) கேட்டு வருபவர்களுக்கு உண்மையை முதலிலேயே சொல்லுங்கள். வன்னிமைகள் என்ற வன்னிப் பிரிவுகள் நெடுங்காலம் ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கொடுத்த தலைவர்களின் ஆட்சியில் இருந்தவை. எனவே கொழும்பிலும் ஹேக் நகரிலும் இருக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கடதாசிகளில் வன்னியரைப் பற்றியும் யானைகளைப் பற்றியும் படிக்கக் கிடைக்குமளவுக்கு, சாதாரணக் குடும்பங்களைப் பற்றிக் கிடைப்பதில்லை. பண்டாரவன்னியன் வழிவந்தவர் தாம் என்று நிறுவித் தருமாறு கேட்பவர்களும் வருவார்கள். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்ததைக் கச்சிலைமடுக் கல் சொல்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் யார் என்று சொல்வதில்லை. அறிந்த தலைமுறையிலிருந்து அறியாத தலைமுறைக்கு ஒவ்வொரு படியாகவே ஏற வேண்டும். மேலேயிருந்து கீழே இறங்கும் குடிவழி எதற்கும் கையொப்பம் இடாதீர்கள்.

எழுதக்கூடாதவையும் எழுதும் முறையும்

வன்னியில் குடிவழி வரைபவர், காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அத்தகையவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. 2016இலிருந்து, இறப்பை ஏற்காத குடும்பம் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். ஒரு தாய் எதையும் வாங்க மறுத்திருந்தால் அவருடைய மகனின் பெயருக்கு அருகில் இறப்பு ஆண்டு என்ற கட்டத்தை நிரப்ப உங்களுக்கு உரிமை இல்லை. கடைசியாகக் கண்ட இடத்தையும் திகதியையும் குடும்பம் சொன்னவாறு எழுதுங்கள். இத்தகைய தேடலுக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. மற்றவர்களும் வாங்காதிருப்பதே முறை என்று நினைக்கிறேன்.

சாதியும் அவ்வாறே கவனத்துக்குரியது. பழைய ஏடுகளில் அது எழுதப்பட்டிருக்கும். ஆய்வுக் குறிப்பில் மூலத்தில் உள்ளவாறு வைத்திருக்கலாம். கலியாணப் பேச்சுக்காக அடுத்த வீட்டாரின் சாதியைத் தேடித் தரும் வேலையை ஒருபோதும் ஏற்காதீர்கள். உயிரோடிருப்பவர்களின் அடையாள அட்டை இலக்கம், முகவரி, தத்தெடுப்பு, முதற்கலியாணம் போன்றவற்றை அவர்களின் சம்மதமின்றி அறிக்கையில் சேர்க்கக் கூடாது.

வேலையை ஏற்கும்போது, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அவர் சார்பில் பிரதிகள் பெறுவதற்கான அதிகாரக் கடிதத்தையும் அப்போதே வாங்குங்கள். கட்டணம் தேடுவதற்கே தவிரக் கண்டுபிடிப்பதற்கு அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கண்டால்தான் காசு என்ற உடன்பாட்டில் ஏதாவதொன்றைக் கண்டுவிட்டதாக எழுதும் ஆசை உள்ளே புகுந்துவிடும். பயணச் செலவு, அரச கட்டணம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கூலி ஆகியவற்றைப் பற்றுச்சீட்டோடு தனியே காட்டுங்கள். மாரியில் வீதிகளை வெள்ளம் மூடும் நாட்களுக்கும் இடம்விட்டே தவணை சொல்லுங்கள். வெளிநாட்டு உறவினர் வந்து நிற்கும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் எல்லா வேலையும் ஒரேயடியாக வரும். அவற்றுள் இரண்டை மட்டும் ஏற்று ஒழுங்காகச் செய்வது, பத்தை ஏற்று இழுத்தடிப்பதைவிட மேல்.

அறிக்கையில் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும்: எந்தப் பதிவு, எந்த இலக்கம், யார் வாய்மொழி, எந்த நாள். அண்மையில் முடிக்கப்பட்ட சத்தியக்கடதாசியை, நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட பதிவுக்கு இணையாக வைக்கக் கூடாது. இரண்டு மூலங்கள் முரண்பட்டால் இரண்டையும் காட்டி, எதை ஏன் நம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். தேடியும் கிடைக்காத இடங்களையும் திகதியோடு எழுதுங்கள். பின்னர் அந்தக் குடும்பத்தில் ஒருவர் தேடலைத் தொடரும்போது அதே வாசலில் மீண்டும் காத்து நிற்க வேண்டியிராது.

மூலப் பத்திரம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அந்த வீட்டுத் திண்ணையிலேயே படமெடுத்து, எடுத்த பையிலேயே எடுத்த ஒழுங்கில் வைத்துக் கொடுங்கள். குரற்பதிவின் பிரதியைப் பேசிய முதியவருக்கு முதலில் அனுப்புங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பணம் கொடுத்திருந்தாலும் அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்று ஊரிலிருக்கும் மூத்தவரின் கையில் அச்சாகச் சேர வேண்டும் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.